இருபத்திரண்டாம் எண் மீட்டர்

1

இந்தக் கதை ஓர் அட்டவணையிலிருந்து பிறந்தது. அரசுத் தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளியின் மின்பணிப் பிரிவில் நான் ஆசிரியராக இருந்தபோது, ஆண்டுதோறும் ஒரு பெரிய தாளை நிரப்புவேன்: மாணவர், பெற்றோர் தொழில், மதிப்பெண், தவறினால் காரணம். ஓர் ஆண்டு கணக்கு உதைத்தது. இருபத்து நான்கு பேரில் ஆறு பேர் கட்டடத் தொழிலாளர் பிள்ளைகள். ஆறு பேருமே எழுத்துத் தேர்வில் நன்றாகத் தேறி, செய்முறைத் தேர்வில் மட்டும் தவறியிருந்தார்கள். ஏன்?

2

(முதலில் "மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில்" என்று ஆரம்பித்தேன். மழையே இல்லை. பட்டறையில் உருகிய ஈயத்தின் வாசனை இருந்தது. இன்றும் எங்காவது அது வந்தால் நான் நின்றுவிடுவேன், பிறகு... சரி, கதைக்கு வருகிறேன்.)

3

அந்த ஆறு பேரில் ஒருத்தி எப்போதும் சட்டைப் பையில் டெஸ்டர் வைத்திருப்பாள். பட்டப்பெயரும் அதுவே. அவளைச் சாதுவாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. இன்னொரு முறை தவறினால் அவளைத் தையல் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். காரணக் கட்டத்தில் நான் "குடும்பச் சூழல்" என்று எழுதியிருந்ததை மேசையருகே நின்று படித்துவிட்டாள்.

"குடும்பச் சூழலா சார்? எங்கப்பாவா வந்து ரீடிங் எடுத்தாரு?"

நான் பேனாவை மூடினேன்.

"என் இருபத்திரண்டாம் நம்பர் மீட்டர்ல முள்ளு பூஜ்யத்துக்கே வராது சார். ஸ்டோர் அண்ணன்கிட்ட சொன்னா, உனக்குத்தான் கை நடுங்குதுங்கிறாரு."

4

இனி விளக்கம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். முள் மீட்டர் மின்தடையை அளக்க உள்ளே இருக்கும் பேட்டரியை நம்புகிறது. பூஜ்யம் வலது கோடியில் இருக்கும்; பேட்டரி தளர்ந்தால் முள் அதுவரை நகராது, தடை அதிகமாகத் தெரியும். ஆண்டுக்குப் பதினெட்டு பேட்டரிகள்தான் வரும். ஸ்டோர்க்காரர் அவற்றை ஒன்றாம் மீட்டரிலிருந்து வரிசையாகப் போடுவார். மீட்டரைக் கொடுப்பதும் ரோல் நம்பர் வரிசையில்தான். கட்டட வேலை ஊர் ஊராக நகர்வதால் அந்தப் பிள்ளைகள் பாதி ஆண்டில் வந்து சேர்ந்தார்கள். அதனால் கடைசி ரோல் நம்பர்களான பத்தொன்பது முதல் இருபத்து நான்கு வரை அவர்கள்தான்.

(தாளில் பேட்டரிக்கென்று ஒரு கட்டம் இல்லை.)

5

அந்த ஆறு மீட்டருக்கும் புது பேட்டரி போட்டு நடத்திய மறுதேர்வில் ஐந்து பேர் தேறினார்கள், டெஸ்டரும்தான். ஆறாவது பையன் உண்மையிலேயே செய்முறைப் பயிற்சி செய்யவில்லை.

அவள் இன்று எங்கே? ஒரு வரைவில் மின்வாரியப் பொறியாளர், இன்னொன்றில் சொந்தக் கடை. இரண்டையும் அடித்துவிட்டேன். எனக்குத் தெரியாது. விருப்பமானதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த முடிவு இவ்வளவுதான்: அதன்பின் மீட்டரை ரோல் நம்பர்படி கொடுக்கவில்லை. அளக்கும் முன் ஒவ்வொருவரும் மீட்டர் கம்பிகளின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்ப்பார்கள்; இடையில் தடையே இல்லாததால் முள் பூஜ்யம் காட்ட வேண்டும். முள் பூஜ்யத்துக்கு வராத மீட்டருக்குத்தான் முதலில் புது பேட்டரி.