களிமண் கல்

கல் உடைக்கும் பெண்கள் சேர்ந்து தங்கள் சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டிய பள்ளி அது. தகரக் கூரை, ஒரே அறை, நடுவில் ஒரு திரை. இந்தப் பக்கம் கசோன்டே டீச்சர் ஏ பி சி டியை அடித்தொண்டையில் சொல்ல வைப்பாள். அந்தப் பக்கம் முத்திந்தா டீச்சர் களிமண்ணைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். வெளியே, லுசாகா சாலையின் ஓரம் முழுக்க, லாரிகளுக்கு விற்கக் கல் உடைக்கும் சுத்தியல் சத்தம்.

வீட்டில் பேசுகிற மபாலோ, அந்தப் பள்ளிக்கு வந்ததிலிருந்து வாயைத் திறந்ததில்லை. பெரிய பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு எடுக்க வேண்டுமானால் பெயரையாவது சொல்ல வேண்டும். அவள் அம்மாவை எல்லாரும் பானா மபாலோ, மபாலோவின் தாய், என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைக் கூப்பிட ஆளில்லை.

"வருஷம் முடியறதுக்குள்ள பேச வெச்சிருவேன்" என்று முத்திந்தா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

"பேசலன்னா எங்கூடக் கூட்டிட்டுப் போயிருவேன் டீச்சர். இங்க சும்மா உக்கார்றதுக்கு, அங்க ஒடைக்கக் கல்லாவது இருக்கு."

கொஞ்ச நாளில் மபாலோ பேசினாள். திரைக்குப் பின்னால், களிமண்ணை வைத்துக்கொண்டு விளையாடும்போது மட்டும். முத்திந்தா அதைக் கசோன்டேயிடம் சொன்னாள்.

"பட்டமளிப்பு அன்னைக்கு அம்மாங்க இதப் பாக்கணும்."

"அவங்க அங்கியப் பாக்கவும் இங்கிலீஷக் கேக்கவும் வர்றாங்க. சேத்தப் பாக்கவா வர்றாங்க?"

"பாதி நேரம் உனக்கு, பாதி எனக்கு. ரெண்டு பேரும் சேந்துதானே நடத்துறோம்?"

"சரி. ஆனா ஏதாவது ஆச்சுன்னா நான் திரைக்கு இந்தப் பக்கம்தான்."

பட்டமளிப்பு அன்று பிள்ளைகள் வாடகை அங்கியும் சதுரத் தொப்பியும் போட்டு நின்றார்கள். அம்மாக்கள் குளித்துத்தான் வந்திருந்தார்கள், ஆனாலும் புருவத்தில் கல்தூசி போகவில்லை. பிள்ளைகள் ஒப்பித்தார்கள், கைதட்டல் கிடைத்தது. மபாலோ மூக்குவரை இறங்கிய தொப்பியோடு ஊமையாக நின்றாள். பானா மபாலோ தரையைப் பார்த்தாள்.

முத்திந்தா திரையை அவிழ்த்தாள்.

மபாலோ தகர டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, அங்கியை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். காய்ந்த களிமண் கட்டிகள் முன்னால். கையில் சுத்தியலுக்குப் பதில் உடைந்த உலக்கைத் துண்டு. ஒரு பையன் அட்டைப்பெட்டி லாரியை ஓட்டிக்கொண்டு வந்து, குவியல் குறைவு என்றான்.

"கொறச்சலா? கண்ணு இல்லையா ஒனக்கு? போன தடவையும் இப்பிடித்தான் ஏமாத்துன. என் கை என்ன வெறகா? ஏத்திக்கிட்டா ஏத்திக்க, இல்ல நகரு, பின்னால வேற லாரி நிக்குது."

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அப்பிடியே ஆத்தாதான்." பின்வரிசையில் ஒருத்தி, "பட்டம் வாங்கிட்டா பாரு. நாளைலேர்ந்து வேலைக்கு வந்துரலாம்" என்றாள்.

முத்திந்தாவும் சிரித்துக்கொண்டே பானா மபாலோவைத் தேடினாள். அவள் எழுந்து வந்துகொண்டிருந்தாள். மகளின் கையிலிருந்து உலக்கைத் துண்டைப் பிடுங்கினாள்.

"இதக் குடுக்கவா ஒங்கிட்ட அனுப்புனேன்?"

"நான் குடுக்கல, அவளே எடுத்துக்கிட்டா. பேசினா பாத்தீங்களா? எவ்வளவு பேசினா."

"பேசினா எம்பேச்சத்தானே பேசினா? அது அங்க தெருவுலயே கெடைக்கும். எனக்குப் பேசத் தெரியாததக் கத்துக்கத்தான் இங்க அனுப்புனேன்."

முத்திந்தா கசோன்டேயைப் பார்த்தாள். கசோன்டே தொப்பிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

விடுமுறை முடிந்தபோது அறையில் திரை இல்லை. அம்மாக்கள் கூட்டத்தில் முடிவாகியிருந்தது: இனி எல்லாரும் ஒப்பிக்க வேண்டும், முத்திந்தாவும் ஒப்பிக்க வைக்க வேண்டும். அவள் தலையாட்டினாள். மபாலோ வரவில்லை.

முத்திந்தா சாலைக்குப் போனாள். பானா மபாலோ நிமிராமல் சொன்னாள்: "பெரிய பள்ளிக்கூடத்துல பேரக் கேட்டாங்க. வாயத் தெறக்கல. அன்னையிலேர்ந்து வீட்டுலயும் பேச்சு இல்ல."

பக்கத்தில் மபாலோ டப்பாமேல் உட்கார்ந்திருந்தாள். கல் தெறிக்காமலிருக்க டயர் ரப்பர் வளையத்துக்குள் அதை நிறுத்தி, சின்னச் சுத்தியலால் அடித்தாள். முத்திந்தா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் அடித்துக்கொண்டேயிருந்தாள்.

லாரி ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்து, குவியல் குறைவு என்றான்.

"கண்ணு இல்லையா ஒனக்கு?" என்றாள் பானா மபாலோ.

மபாலோ அடுத்த கல்லை வளையத்துக்குள் வைத்தாள்.