கண் திறந்த குதிரை

எங்கள் குப்பைமேட்டில் விடியற்காலையில் புகை தரையோடு தவழும். அதற்குள் குதிரை கழுத்தளவு முழுகி நிற்கும். பார்த்தால் நீந்தி வருவதுபோலவே இருக்கும். கட்டியவளே நான், எனக்கே அப்படித்தான் தெரிந்தது.

போர்வெல் லாரியில் கழித்துப்போட்ட ரப்பர் குழாயில் கால்கள். சைக்கிள் டயரில் கழுத்து. ஆட்டையாம்பட்டித் தறிகளில் மிஞ்சிய நூலில் பிடரி. திருச்செங்கோட்டு ஓவிய டீச்சர் அறிவுமதி சேலத்துக் கண்காட்சிக்கென்று வரைந்து கொடுத்தார். முறுக்கிக் கட்டியது நானும் என்னோடு குப்பை பொறுக்கும் நான்கு பெண்களும். இருபது வருஷமாக என் கையில் எது கிடைத்தாலும் சாயங்காலம் எடைக்குப் போய்விடும். இது ஒன்றுதான் முழுதாக நின்றது.

"கண்காட்சி முடிஞ்சா நம்ம குதிர திரும்பி வருமாங்க டீச்சர்?"

"பத்து நாள்தானுங்க சின்னாயிக்கா. அப்புறம் பிரிச்சு எடைக்கே போட்டுருவோம். அதுதானுங்க இதோட கருத்து."

கருத்தாம் கருத்து!

கண் மட்டும் பாக்கி. சேலத்தில் எல்லோர் முன்னாலும் வைப்பதாக டீச்சர் சொல்லியிருந்தார். சேலத்துக்கு ஏற்றிப்போக வண்டி வருகிற அன்று விடியலில் நானே போய் இரண்டு சிவப்பு ரிஃப்ளெக்டரைக் கண்ணாகப் பதித்தேன். எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி, சூடம் ஏற்றினேன். கண் திறந்துவிட்டால் சாமி. சாமியை எவன் பிரிப்பான்? சுடர் ஆடியபோது குதிரை என்னைத் திரும்பிப் பார்த்தது. சத்தியமாகப் பார்த்தது. அழுதுவிட்டேன்.

வண்டியோடு வந்த பழைய இரும்புக்கடை நாச்சிமுத்து அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். "கண்ணு தொறந்த முனியப்பன் குதிரைங்க, நான் கைவெக்க மாட்டனுங்க" என்று டீச்சருக்குப் போன் போட்டார். டீச்சர் வந்து கோபப்பட்டார், கெஞ்சினார், கடைசியில் வெறுங்கையோடு போனார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பத்து மணிக்குள் ராசிபுரம் ரோட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள். யாரோ போட்ட மாலை பிடரியில் சரிந்து தொங்கியது. சரிசெய்யக் கையை நீட்டினேன்.

"ஏ சின்னாயி, தள்ளு! குப்பை அள்ளுன கையோட சாமியத் தொடறயே, அறிவிருக்குதா?" என்று நாச்சிமுத்து கத்தினார்.

"நான் கட்டுன குதிரைங்க!"

"அது நேத்து."

வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு ஓடிவந்தேன். அதற்குள் குதிரையைச் சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள்.