சூடாக இருந்த சட்டை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை, அண்ணியுடையது. பல வருடங்களுக்கு முன் அவர் சுற்றுலாக் கூட்டத்தோடு வெளிநாடு போனார். ஒரு மழை நாளில் கூட்டத்தைத் தவறவிட்டு, முன்பின் தெரியாத ஒரு வீட்டில் தங்கிவிட்டு வந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் காபியோடு இந்தக் கதையும் கிடைக்கும். "நீதான் எழுதுறவனாச்சே தம்பி, எழுதேன்" என்றார் போன மாதம். எனக்கும் வேறு கதை கைவசம் இல்லை.

2

மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில்

(வேண்டாம். மழையில் தொடங்கிய என் கதை எதுவும் உருப்பட்டதில்லை.)

தகரக் கூரைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற சந்து. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கைப்பேசி செத்துப்போய், பற்கள் தந்தியடிக்க நின்றார் அண்ணி. இரண்டு படி மேலே ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், அவள் கணவன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ, இப்படி நனைஞ்சுட்டீங்களே! உள்ள வாங்க, உள்ள வாங்க."

(அந்த ஊர் பாஷையில் அண்ணிக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. இருந்தாலும் அவள் சொன்னது இதுதான் என்று சத்தியம் செய்வார். எப்படி என்று கேட்டால், "மூஞ்சியப் பார்த்தாத் தெரியாதா?" என்பார்.)

3

அந்தப் பெண் ஒரு நீலச் சட்டையையும் கால்சட்டையையும் எடுத்து நீட்டினாள். யாரோ தேய்க்கக் கொடுத்தது. இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. தன் துணியைக் கொடுக்காமல் ஊரான் துணியை எடுத்துக் கொடுக்கிறாளே, இவள் என்ன மாதிரி மனுஷி? இரண்டு நாள் எழுத்து நகரவில்லை. கடைசியில் அண்ணியிடமே கேட்டேன்.

"அப்பத்தான் தேய்ச்சு முடிச்சது, தம்பி. அது ஒண்ணுதான் சூடா இருந்துச்சு."

அடுப்பில் இருந்ததை மூன்று பேருமாகப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். தரையில் தண்ணீர் கசியத் தொடங்கியது. அந்த வீட்டில் மேடாக இருந்தது இஸ்திரி மேசை மட்டும்தான். அதில் விரித்திருந்த கம்பளிமேல் அண்ணியைப் படுக்க வைத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் துணி மூட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்கள். கம்பளியில் இஸ்திரிப் பெட்டியின் சூடு மிச்சம் இருந்தது. அண்ணி அடித்துப் போட்டது போலத் தூங்கினார்.

4

காலையில் ஓர் இளம்பெண் வந்தாள். [இரட்டைப் பின்னல் என்று எழுதி அடித்துவிட்டேன். அது என் மகளின் பின்னல்.] கழுத்தில் புத்தம்புது அடையாள அட்டை. அதன்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. அட்டையில் இருந்த அதே சின்னம் அண்ணியின் சட்டைப் பையிலும் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு வேலையில் முதல் நாள். அவளுடைய சீருடை, யாரோ ஒருத்தி உடம்பில், கசங்கிப்போய் நின்றது.

"அடடா, உன்னோடதா! மறந்தே போயிட்டேனே." இஸ்திரிக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். பெட்டியைப் போடலாம் என்றால் மழையில் கரண்ட் போயிருந்தது.

அண்ணி தன் ஈரச் சேலையையே சுற்றிக்கொண்டு சீருடையைத் திருப்பிக் கொடுத்தார்.

5

முடிவு ஒன்று, அண்ணி விருந்தாளிகளுக்குச் சொல்வது. அந்தப் பெண் சிரித்தாள். "பரவாயில்லக்கா" என்று கட்டிப்பிடித்துவிட்டு வேலைக்கு ஓடினாள்.

முடிவு இரண்டு, நான் எழுதியது. மேலாளர் கசங்கலைப் பார்த்துவிட்டு அவளைத் திருப்பி அனுப்புகிறார். ஓர் ஏழை காட்டிய அன்புக்கு இன்னோர் ஏழை

[முடிக்கவில்லை. முடித்தால் பிரசங்கம் ஆகிவிடும்.]

6

இரண்டையும் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த கை நின்றது.

"நீ எழுதுனதும் பொய், நான் சொல்றதும் பொய். அவ சிரிக்கல தம்பி. சட்டையை மாட்டிக்கிட்டுக் கையாலேயே நீவி நீவி விட்டுக்கிட்டா. வாசல்ல நின்னு என்னமோ சொன்னா. அப்புறம் ஓடிட்டா."

"என்ன சொன்னா?"

அண்ணி சொன்னார். அந்த மொழியிலேயே, ஒரு மூச்சில், சொந்தப் பாஷை மாதிரி. இத்தனை வருடமும் மறக்கவில்லை.

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"யார்கிட்டயும் கேக்கல."

"மூஞ்சியப் பார்த்தாலே தெரியும்பீங்களே அண்ணி?"

"அவ மூஞ்சிய எங்க பார்த்தேன்? தரையைத்தானே பார்த்துட்டு நின்னேன்."

7

அந்த ஓசையை இங்கே அப்படியே எழுதலாம். அந்த மொழி தெரிந்த யாராவது அர்த்தம் சொல்லிவிடுவீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் இடம் மட்டும் விட்டிருக்கிறேன்.

வாசலில் நின்று அவள் சொன்னாள்: "[                                        ]"

உங்களை எனக்குத் தெரியாது, அண்ணிக்கும் தெரியாது. நீங்களே தமிழில் நிரப்பிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதுவதை அண்ணி படிப்பார்.