நேர்த்திப் புக்கை

"முந்நூற்று எண்பத்தாறு" என்று கண் ஆஸ்பத்திரித் தாதி, மிஸ்ஸி டிலோஜினி, இரத்தத்தில் சீனி பார்க்கும் மெசினை எனக்கு முன்னால் நீட்டினாள். வலது கண்ணின் புரையை எடுத்து லென்ஸ் வைக்கும் நாள் அது. நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த இடம். இடது கண்ணிலும் பாதி வெளிச்சம்தான்.

"ஐயா, இவ்வளவு சீனியோட கண்ணில கை வைக்க ஏலாது. காயம் ஆறாது. கிருமி பிடிச்சாக் கண்ணே போயிடும். நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?"

நேற்றுப் பின்னேரம் எங்கள் பாப்பாமோட்டைப் பிள்ளையாருக்கு என் மனைவி இராசம்மா நேர்த்தி வைத்துப் பொங்கினாள். என் கண் வெளிக்க வேண்டுமென்று, எங்கள் வயல் அரிசியில் பொங்கிய சர்க்கரைப் புக்கை. வீட்டுக்கு வந்ததும் உள்ளங்கையில் ஒரு நுள்ளு வைத்து, "இவ்வளவுதான். வாயில போட்டிட்டுக் கையைக் கழுவுங்கோ" என்றாள். அவள் அயலுக்குப் பங்கு கொடுக்கப் போன நேரம் பார்த்து நான் பானைக்குள் கையை விட்டேன். அறுபத்தாறு வயதில் அடிப்பிடித்ததைக்கூடச் சுரண்டித் தின்றேன். கோயில் பிரசாதம் ஒன்றும் செய்யாது என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

பச்சை உடுப்போடு வரிசையில் இருந்த ஏழெட்டுப் பேரும் என்னையே பார்த்தார்கள்.

"மனிசி புக்கை தந்தவ" என்றேன்.

மிஸ்ஸி கதவடியில் நின்ற இராசம்மாவிடம் திரும்பினாள். "என்னம்மா, ஒப்பரேசன் எண்டு தெரிஞ்சுகொண்டே குடுத்தனீங்கள்? மனுசனைக் குருடாக்கப் போறீங்களோ?"

வழித்துக் கிடந்த பானையைக் கழுவியவள் அவள். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

"என்ர பிழைதான் மிஸ்ஸி" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இதுவும் ஒரு சாட்டுத்தான். சத்தம் போட்டாவது சொல்லியிருக்கலாம்.

இன்றைக்கு ஒப்பரேசன் இல்லையென்று அனுப்பிவிட, வெளியே வாங்கிலில் இருத்தி என் சேர்ட்டுப் பொத்தான்களை அவளே பூட்டிவிட்டாள். அவ்வளவு கிட்டத்தில் இருந்தும் அவள் முகம் எனக்குப் புகையாகத்தான் தெரிந்தது. அழுகிறாளா, கோபமா, ஒன்றும் விளங்கவில்லை. தெரியாமல் இருப்பதே நல்லதென்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் வெட்கமாக இருந்தது.

"இராசம்மா..."

"எழும்புங்கோ, பஸ் போயிடும்."

என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படிகளில் முன்னால் இறங்கினாள். நிலம் வந்துவிட்டதென்று நான் காலை வீசி வைக்கப் போனபோது பிடியை இறுக்கினாள்.

"இன்னும் ஒரு படி இருக்கு" என்றாள்.