நூற்றுப் பதினேழாம் மூக்கு

1

இந்தக் கதை ஒரு தும்மலில் பிறந்தது என்று தொடங்கினால் அழகாக இருக்கும். பொய். வானொலி அறிவிப்பாளரான என் அண்ணி, "என்னைப் பத்தி எழுதேன் தம்பி. ஆனா படுத்த படுக்கையாக்கிடாதே" என்று சொன்னதில் பிறந்தது.

முதல் தொடக்கம்: சூரியனையே காணாத அந்தப் பேதைப் பெண்—

(அடித்துவிட்டேன். அண்ணி படித்தால் காதைத் திருகுவார்.)

இரண்டாவது, உள்ளது உள்ளபடி: அண்ணியின் ஒலிப்பதிவு அறைக்கு ஜன்னல் கிடையாது. காலை எட்டுக்கு நுழைந்தால், வெளியே வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். குளிர் தொடங்கியதும் சளி பிடிக்கும், தொண்டை கட்டும். நிலையம் வருடத்துக்கொருமுறை அரங்கத்திலிருந்து நேரலையாக நடத்தும் கதை வாசிப்பை இப்படியே இரண்டு வருடம் இழந்தார். மூன்றாம் முறையும் தவறினால் வேறு ஆள் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

2

அந்தச் சமயத்தில் ஒரு மருத்துவர் ஆய்வுக்கு ஆள் தேடினார். உடம்பில் வைட்டமின் டி குறைந்தால் வைரஸ் சளி எளிதில் தொற்றுகிறதா, மாத்திரை கொடுத்தால் குறைகிறதா என்பது கேள்வி. பாதிப் பேருக்கு வைட்டமின், மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கே தெரியாது. இரத்தத்தில் அளவு குறைந்திருந்த அண்ணி சேர்ந்தார். எண் நூற்றுப் பதினேழு.

நில அளவையரான அண்ணன் சிரித்தார். "நான் வெயில்லயே காய்ஞ்ச உடம்பு. சளி என் பக்கம் எட்டிப் பார்க்குமா?"

(இந்த வாய்க்கொழுப்பு என் கற்பனையல்ல.)

3

அண்ணி வீட்டில் மூடிய கண்ணாடி ஜன்னலருகே உட்கார்ந்து வெயில் காய்ந்தார் என்று எழுதி, மருத்துவரிடம் காட்டினேன். ஓரத்தில் குறித்து அனுப்பினார்: 'கண்ணாடி வழியே வெளிச்சம் வரும், சூடு வரும். வைட்டமினை உண்டாக்கும் கதிர் வராது. கதாநாயகியை வெளியே அழைத்துப் போங்கள்.'

நடந்ததும் அதுதான். தன்னுடையது மாவு மாத்திரையாக இருந்தால் என்ன செய்வது என்ற பயத்தில், அண்ணி மதியம்தோறும் நிலையத்தின் மொட்டை மாடிக்கு ஏறினார். ஒரு வாரத்தில் ஒலிப்பொறியாளர் வந்தார். மறு வாரம் இயக்குநரே தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து கதையளந்தார்.

அண்ணிக்கு மனசு உறுத்தியது.

"டாக்டர், உங்க ஆய்வைக் கெடுத்துட்டேன். தினமும் திருட்டு வெயில் காயறேன்."

"அதுக்கும் படிவத்துல ஒரு கட்டம் இருக்கும்மா. எத்தனை நிமிஷம்னு எழுதுங்க, போதும்."

4

நேரலை நாள் காலை. வீடு அதிர ஒரு தும்மல்.

எனக்கு உயிரே போய்விட்டது. அடுத்த அறையில் இன்னொன்று. தும்மியது அண்ணன்!

"உள்ளேயே இருங்க! கைக்குட்டைகூட வெளிய வரக்கூடாது!" என்று கதவைச் சாத்திவிட்டு அண்ணி கிளம்பினார்.

வானொலியின் ஒலியைக் கூட்டிவைத்துவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அண்ணன். அண்ணி இரண்டு மணி நேரம் வாசித்தார். அரசன், அவனுடைய ஏழு மாமியார்கள், ஒரு கழுதை, அத்தனை பேரும் அந்த ஒரே தொண்டையில். கழுதை மாமியாரைப் போலப் பேசியபோது அரங்கம் சிரித்த சிரிப்பில் வானொலி கரகரத்தது. கதவுக்குப் பின்னால் கைதட்டலும் தும்மலும் மாறி மாறிக் கேட்டன.

'வைட்டமின் வென்றது!' என்று முடிக்கப்போனேன். மருத்துவர் விடவில்லை. "ஒரு மூக்கை வெச்சு ஊருக்கே தீர்ப்பு எழுதாதீங்க. எல்லா மூக்கையும் எண்ணி முடிச்சுட்டுத்தான் நான் வாயைத் திறப்பேன்."

5

எண்ணி முடித்துவிட்டார்கள். அண்ணிக்குக் கிடைத்தது எந்த மாத்திரை என்ற விவரம் நேற்று ஒட்டிய உறையில் வந்தது.

"மாவுதான். பந்தயம் கட்டறேன்," என்றார் அண்ணன், மூக்கை உறிஞ்சியபடி.

அண்ணி உறையை என் கையில் திணித்தார். "வைட்டமின்னா மாத்திரைக்குப் பேரு. மாவுன்னா மொட்டை மாடிக்குப் பேரு. ஏழு மாமியாரா கத்தினவளுக்கு யாருப்பா பேரு குடுப்பாங்க? உறையை நீயே வெச்சுக்கோ."

நானும் பிரிக்கவில்லை. முடிவு எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். உறைக்குள் இருந்தது—

வேண்டாம். இதோ, உங்களிடமே தருகிறேன். பிரிப்பதும் பிரிக்காததும் உங்கள் பாடு. பிரிப்பதானால், முதலில் அண்ணிக்கு ஒருமுறை பலமாகக் கைதட்டிவிடுங்கள்.