நூர்நிஷா ஊற்றிய தண்ணீர்

இலந்தை இலை போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர்ப் பானையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நூர்நிஷா முற்றத்துக்கு வந்தபோது, கொழுந்தன் துல்கர்னைன் வழியை மறித்து நின்றார். அவருக்குப் பின்னால் பலகையின் மேல், இறந்துபோன அவள் புருஷன் சேக் மைதீனின் மய்யித்து கிடந்தது. காலையில்தான் குற்றாலத்து முதியோர் இல்லத்திலிருந்து வாடகைக் காரில் கொண்டுவந்திருந்தார்கள்.

"மைனி, குளிப்பாட்ட ஆம்பளையள் இருக்கோம். நீங்க உள்ள போங்க."

"நான்தான் குளிப்பாட்டுவேன்."

"அதான் கொண்டுபோயி விட்டாச்சுல்லா? பிறகு என்ன உறவு?"

அவரை இல்லத்தில் சேர்த்த அறுபத்திரண்டாம் வருஷத் தை மாதத்திலிருந்து தென்காசியில் அவள் தெரு முழுக்க இதைத்தான் மென்றுகொண்டிருந்தது. மறதி முற்றி, செங்கோட்டைப் பக்கமாகத் தண்டவாளத்தில் நடந்துபோன மனுஷனை மூன்று தடவை இழுத்துக்கொண்டு வந்தவள் அவள் என்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் இல்லை. இல்லத்தில் சேர்த்த அன்று, அங்கே வேலை பார்க்கும் வள்ளித்தாய் அவள் கையைப் பிடித்துச் சொன்னாள்: "காவல் வேலைய எங்ககிட்ட விடுங்கம்மா. இனிமே நீங்க பொண்டாட்டியா மட்டும் வந்து உக்காருங்க." இரண்டு வருஷத்துக்குப் பிறகு நூர்நிஷா முழுசாகத் தூங்கியது அன்றைக்குத்தான். தூங்கிவிட்டோமே என்று காலையில் அழுதாள்.

பானையைக் கீழே வைத்தாள்.

"ஏன் தம்பி, ஒங்க அண்ணன் எனக்குத் தலாக்கு சொன்னாவளா?"

"அது இல்ல..."

"அப்ப நிக்காஹ் அப்படியேதான் இருக்கு. லெப்பை, நீங்க சொல்லுங்க."

பள்ளிவாசலிலிருந்து வந்திருந்த லெப்பை தாடியைத் தடவினார். "மவுத்தான புருசனப் பொண்டாட்டி குளிப்பாட்டலாம். மார்க்கத்துல தடையில்ல."

துல்கர்னைன் நகரவில்லை. நூர்நிஷாவும் நகரவில்லை. கடைசியில் அவர் போய் மறைப்புத் துணியை எடுத்து ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தார். அவள் மகன் மசூது மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

தொடுகிறவர் யாரென்று முதலில் சொல்லாவிட்டால் சேக் மைதீன் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டிவிடுவார். இல்லத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அவரைக் குளிக்க வைக்கும்போது, பெயரைச் சொல்லிவிட்டு, அவர் தலையசைக்கும்வரை செம்பும் கையுமாக நிற்பாள்.

தண்ணீரை மொண்டு சூடு பார்த்தாள். அவர் காதருகே குனிந்தாள்.

"நான்தான், நூர்நிஷா. தண்ணி ஊத்துதேன்."

கொஞ்சம் காத்திருந்தாள். அப்புறம் ஊற்றினாள்.