ஐந்தாவது கடிதம்

நாளைக் காலை பத்து மணிக்குள் ஐந்து கடிதங்கள் வேண்டும். தையல்காரியின் கையில் மூன்றுதான் இருந்தன.

குடியேற்றத் துறையின் சட்டம் அப்படி. பிடித்துக்கொண்டு போனவனை விசாரணை முடியும்வரை வீட்டுக்கு விட வேண்டுமென்றால், அதே கட்டடத்தில் குடியிருக்கும் ஐந்து குடிமக்கள் ‘இவர் நல்லவர், இங்கேதான் இருப்பார்’ என்று எழுதி, அடையாள எண்ணோடு கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக்காரர்கள் எழுதினால் செல்லாது. அவள் புருஷன் பதினொரு வருஷமாக அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் மாட்டிக்கொண்டு, அவன் வந்து கதவைத் திறக்க மாட்டானா என்று ஏங்காதவர்கள் அங்கே யாருமில்லை. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க நேரத்தோடு விண்ணப்பம் போட்டு, ரசீதையும் பத்திரமாக வைத்திருந்தான். திங்கட்கிழமை லிஃப்டைக் கழற்றிப் போட்டுவிட்டு சாப்பிட வந்தவனிடம், படியேறி வந்த அதிகாரி அந்த ரசீதைத் திருப்பிக் கொடுத்தார். “இது விண்ணப்பம் போட்டதுக்கு ரசீது. இங்க இருக்கறதுக்கு இல்ல.” கையில் கிரீஸைக்கூடக் கழுவ விடவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, கட்டடமே உச்சுக்கொட்டியது. கையெழுத்து என்றதும்தான் எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது.

“உங்க வீட்டுக்காரர் தங்கமானவருங்க” என்றாள் நாலாம் மாடி பல் டாக்டர், கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு. “ஆனா அரசாங்கக் காகிதத்துல என் பேரு வர்றது... நான் கிளினிக் வச்சிருக்கேன் பாருங்க.”

கதவு மூடியது. கூடவே வந்த நாத்தனார், அவன் கூடப்பிறந்த தங்கை, வாயை அடக்கத் தெரியாதவள். “தங்கம்னா பூட்டிதான் வைக்கணும்னு நினைச்சுட்டாங்க போல, அண்ணி” என்றாள்.

தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த டாக்டரின் திரைச்சீலைகள் அத்தனையும் இவள் தைத்தவை.

எதிர் வீட்டு பஸ் டிரைவர் கையெழுத்துப் போட்டார். போடும்போதே பேச்சும் போட்டார். “சட்டம்னா சட்டம்தான்மா. பேப்பர் இல்லாதவன் எல்லாத்தையும் அனுப்பத்தான் வேணும். நான் அதுல மாற மாட்டேன். ஆனா உன் புருஷன் வேற.”

மூன்று நாளாக இந்த ‘வேற’வைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது. எல்லோரையும் துரத்த வேண்டும், தங்கள் வீட்டு லிஃப்டைப் பழுது பார்க்கிறவனைத் தவிர. எல்லோரும் திருடர்கள், தனக்குத் தெரிந்தவனைத் தவிர. அப்படி ஆளுக்கு ஒருவரைத் தவிர்த்துக்கொண்டே போனால் பிடிப்பதற்கு யார்தான் மிச்சம் இருப்பார்கள்? கேட்டிருப்பாள். கேட்டால் கடிதம் போய்விடும். நன்றி சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டாள்.

நாலு ஆயிற்று. ஐந்தாவதுக்குக் குடியிருப்போர் சங்கச் செயலாளரே கூப்பிட்டு அனுப்பினார்.

ஐந்தாம் மாடியில் அவர் வீட்டு வரவேற்பறையில் ஃபைல்கள் வரிசையாக நின்றன. அவளையும் நாத்தனாரையும் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். கடிதத்தை ஏற்கெனவே அடித்து, கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிடப் போனவள், கடைசிப் பத்தியைப் படித்ததும் கையை இறக்கினாள்.

‘நான் புகார் கொடுத்தது மூன்றாம் மாடி இரண்டாவது கதவைப் பற்றி. லிஃப்ட் வேலை செய்யாததால் அதிகாரிகள் படியேறி, தரைத்தளத்தையும் ஒரு மாடியாக எண்ணி, தவறுதலாக இரண்டாம் மாடியில் இருக்கும் இவர் வீட்டுக்குச் சென்றுவிட்டனர். சரியான வீட்டை நேரில் வந்து காட்டத் தயாராக இருக்கிறேன்.’

“புகார் குடுத்தது நீங்களா?”

“உங்க மேல இல்லம்மா!” செயலாளர் பதறினார். “மேல் வீட்டுக்காரி மேல. ஆஸ்பத்திரி லாண்டரில வேலை செய்யறாளே, கைக்குழந்தை வச்சிருக்கா, அவ. ஒரு பேப்பர் கிடையாது. நடந்த தப்பை இப்ப நானே சரி பண்றேன், பாருங்க.”

“சரி பண்றீங்களா? என் புருஷனை உள்ள தள்ளிட்டு, இப்ப அந்தப் பச்சைக் குழந்தையைத் தள்ளினா சரியாயிடுமா? அவ உங்களை என்ன பண்ணினா?”

“நான் எனக்காகவா பண்ணினேன்? கட்டடத்தோட அபிப்பிராயம் அது. போன மாசம் நம்ம கட்டட குரூப்ல ஓட்டு வச்சேன். பேப்பர் இல்லாதவங்களைப் பிடிக்கச் சோதனை வேணும்னு நாப்பத்தோரு பேர், வேண்டாம்னு மூணே பேர்.” கைப்பேசியைத் தட்டி அவள் பக்கம் நீட்டினார். “அந்த நாப்பத்தோரு பேர்ல நீங்களும் இருக்கீங்களேம்மா.”

இருந்தாள். பெயரும் படமுமாக, பதினாறாவதாக. அன்றைக்கு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டே ‘ஆம்’ என்று தட்டியது ஞாபகம் வந்தது. தன் வீட்டில்தான் ரசீது இருக்கிறதே என்ற தைரியம். வேறு யாரையோ என்று நினைத்திருந்தாள். செயலாளர் மேல் வந்த கோபம் அப்படியே திரும்பி அவள் மேலேயே பாய்ந்தது. நாத்தனார் அவளையே பார்த்தாள்.

“அந்தப் பத்தியை எடுத்துட்டு வேற எழுதிக் குடுங்க” என்றாள் தையல்காரி.

“அதை எடுத்தா இதுல என்னம்மா இருக்கு? நல்லவன், வல்லவன்னு அவங்க தினம் நூறு கடிதம் பார்க்கறாங்க. இந்தப் பத்திதான் உங்க வீட்டுக்காரரை வெளிய கொண்டு வரும். வேணுமா, வேண்டாமா?”

கடிதத்தை வாங்கி நாலாக மடித்தாள். வாசல்வரை போனாள். செயலாளர் கதவைச் சாத்த வந்தபோது, அவர் கண் முன்னாலேயே அதைக் கிழித்து, துண்டுகளை அவர் கையிலேயே வைத்தாள்.

“இந்தப் பாவத்துல நான் ஒரு தடவை கை நனைச்சது போதும். அந்தப் பொண்ணுகிட்ட இப்பவே போய்ச் சொல்லப் போறேன். நீங்க ஆளைக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள அவ இங்க இருக்க மாட்டா.”

படியில் நாத்தனார் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “பைத்தியமா அண்ணி உங்களுக்கு? அவ யாரு நமக்கு? உள்ள இருக்கறது என் அண்ணன்!”

தையல்காரி கையை உதறிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு இறங்கினாள். மேல் வீட்டுக்காரி முழுசாகக்கூடக் கேட்கவில்லை. இரண்டு பைகள், இடுப்பில் குழந்தை. இருட்டுவதற்குள் கிளம்பிப் போய்விட்டாள். கிளம்புகிற அவசரத்தில் நன்றிகூடச் சொல்லவில்லை.

மிச்சமிருந்த கதவுகளையும் தட்டிப் பார்த்தாள். விஷயம் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ஒன்றுகூடத் திறக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குடியேற்றத் துறை அலுவலகத்தில், ஜன்னலுக்குப் பின்னாலிருந்த எழுத்தர் காகிதங்களை எண்ணினார். “நாலுதான் இருக்கு. அடுத்த தேதி மூணு வாரம் கழிச்சு. அதுக்குள்ள அவரை நாடு கடத்திட்டா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது.”

பார்வையாளர் அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புருஷன் உட்கார்ந்திருந்தான். ஐந்து நாள் தாடி. நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் இருந்தது. ஃபோனை எடுத்ததும், “என்னிக்கு விடறாங்க?” என்றான்.

அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. குரூப்பில் ஓட்டுப் போட்டதையும் சேர்த்தே சொன்னாள். கேட்கக் கேட்க அவன் முகம் சிவந்தது. கண்ணாடியில் ஓங்கி அறைந்தான். காவலர் திரும்பிப் பார்த்தார்.

“கையில கிடைச்சதைக் கிழிச்சியா? என்னை ஒரு வார்த்தை கேட்டியா? இங்க கிடந்து சாகறது நான்! நானா இருந்தா அந்தக் கடிதத்தைக் குடுத்திருப்பேன், தெரியுமா உனக்கு?”

“தெரியும்” என்றாள். “அதனாலதான் உங்களைக் கேக்கல.”

சொல்லிவிட்டு அழுதாள். துக்கத்தில் அல்ல, கோபத்தில்தான். அவன் ஃபோனை வைத்துவிட்டான்.